ஒரே காரை மூன்று பேர் ஓட்டிய வியாழக்கிழமை

பெருமதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கையும் மகளும் உடம்பளவில் நலம். அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் எல்லா அளவிலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆபரேஷன் செய்த இடது கண் இப்போது எப்படி இருக்கிறது, சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடுகிறீர்களா என்று உங்கள் தங்கை கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை நீங்களே படிப்பது நல்லது. அக்காவை வாசிக்கச் சொன்னால் சில இடங்களில் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும், ஏனென்றால் நான் கோபத்தில் இருக்கிறேன், அந்தக் கோபத்தில் பெரும்பகுதி உங்கள் மேல்.

நாலு நாளைக்கு முன்னால் கோர்ட்டிலிருந்து எனக்கு ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே சம்மன். வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நான் ஆஜராக வேண்டும், குற்றம் என்னவென்றால் சட்டப்படி கொடுத்த வாக்குமூலத்தில் பொய் சொன்னது. வேகமாக ஓட்டியது இல்லை மச்சான், பொய் சொன்னது. அது நிரூபணமானால் அபராதத்தோடு போகாது, டிரைவிங் கற்றுக்கொடுப்பதற்கு எனக்குக் கொடுத்திருக்கிற அனுமதி அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள், பிடுங்கினால் இந்த ஜென்மத்தில் திரும்பக் கிடைக்காது. எனக்கு ஐம்பத்து நாலு வயது. கிளட்சையும் பிரேக்கையும் தவிர வேறு எதையும் நான் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை, எனக்கே வேறு எதுவும் தெரியாது. சம்மனோடு இணைப்பாக நாலு படிவங்களின் நகல் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று உங்கள் கையெழுத்தில் இருந்தது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் நீங்கள் செய்த காரியத்தின் அருமை உங்களுக்கே விளங்கும். ஐந்து வாரத்துக்கு முன்னால் போக்குவரத்துப் போலீசிடமிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. இன்ன தேதி, வியாழக்கிழமை, காலை பதினொன்று முப்பத்தெட்டுக்கு, நூலகத்துக்கு முன்னால் இருக்கிற வளைவில், நாற்பதில் போக வேண்டிய ரோட்டில் என் கார் அறுபத்து மூன்றில் போனது என்று கேமரா பிடித்திருக்கிறதாம். அறுபத்து மூன்று! டிரைவிங் ஸ்கூலில் என்னிடம் படிக்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், ‘நாற்பது’ என்றுதான். ‘நாற்பது வந்துட்டாரு, பெல்ட்டைப் போடு’ என்று பேசிக்கொள்வார்கள், நான் காதில் விழாதவன் மாதிரி இருப்பேன், உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் என் வண்டியின் வேக முள் நாற்பதைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்டவனுக்கு அறுபத்து மூன்று என்று எழுதி அனுப்பினால் சாப்பாடு இறங்குமா?

நான் அந்த நேரத்தில் அங்கே இல்லவே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அன்றைக்கு ஸ்கூலில் இலாகா சோதனை. பதினொன்றரை மணிக்கு நான் வாசலில் நின்றுகொண்டு இன்ஸ்பெக்டர் வருகிறாரா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், முதலாளி சாட்சி, பக்கத்து டயர் கடைக்காரர் சாட்சி. கார் வீட்டு வாசலில், சாவி ஆணியில். நோட்டீசோடு வந்த படிவத்தில், ஓட்டியது நீயா, வேறு ஒருவரா, வேறு ஒருவரானால் பெயரும் லைசென்ஸ் நம்பரும் எழுது, மூன்று வாரத்துக்குள் எழுதாவிட்டால் சொந்தக்காரனான நீதான் ஓட்டியதாக எடுத்துக்கொள்வோம் என்று இருந்தது. ஒரு நியாயமான மனிதன் என்ன செய்வான்? உள்ளதை எழுதுவான். மேஜையில் வைத்த படிவம் எங்கே போனதென்று தெரியாததால் நான் நேரே அந்த ஆபீசுக்குப் போய் வரிசையில் நின்று புதுப் படிவம் வாங்கி, ‘அந்த நேரத்தில் கார் என் வீட்டில் நின்றது, என் குடும்பத்தில் கார் ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், நான் ஸ்கூலில் இருந்தேன், ஆகவே காரை யாரும் ஓட்டவில்லை, கேமரா பழுது’ என்று எழுதி, ‘மேற்கண்டவை உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உட்படுவேன்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா அம்மா அதைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“சார், இதே வண்டி நம்பருக்கு ஏற்கெனவே மூணு பேரு ஒப்புக்கிட்டு அனுப்பியிருக்காங்க.”

“மூணு பேரா? யாரு?”

“அதை நான் சொல்லக்கூடாது. நீங்க வீட்டுல போய்க் கேளுங்க.”

“போட்டோ இருக்கும்ல, அதைப் பாத்தாத் தெரியாதா?”

“போட்டோ வேற செக்ஷன். மனு எழுதிக் குடுங்க, வர நாளாகும்.”

நானும் மனு எழுதிக் கொடுத்தேன். போட்டோவில் டிரைவர் சீட் காலியாக இருக்கும், இல்லாவிட்டால் வேறு எவனுடைய காராவது இருக்கும், அப்போது இந்த அம்மா முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து மகளைக் கூப்பிட்டு நிறுத்திக் கேட்டேன். அவள் பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பதால், எதைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்புச் சிரித்து உட்காரச் சொல்லுகிற பழக்கம் வந்துவிட்டது. நோட்டீஸ் வந்த அன்றே படிவத்தைத் தன் வேலையிடத்துக்குக் கொண்டுபோய் நகல் எடுத்து, நான்தான் ஓட்டினேன் என்று எழுதி அனுப்பிவிட்டாளாம்.

“உங்க அட்டை போயிடக்கூடாதேன்னுதான்ப்பா.”

“உனக்கு லைசென்ஸே இல்லையே.”

“பழகுநர் லைசென்ஸ் இருக்குல்ல.”

“பழகுநர் தனியா ஓட்டக்கூடாதுடி. அது இதைவிடப் பெரிய குற்றம்.”

“அதான் பக்கத்துல நீங்க இருந்தீங்கன்னு எழுதிட்டேன்.”

கேட்டீர்களா மச்சான், நான் ஸ்கூல் வாசலில் நிற்கிறேன் என்று சத்தியம் செய்கிறேன், நான் பெற்ற மகள் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அறுபத்து மூன்றில் போகவிட்டேன் என்று சத்தியம் செய்கிறாள். என்னைக் காப்பாற்றுகிற லட்சணம் இது. வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்துவதில் மூன்று தடவை தேறாமல் போனவள், பொய் சொல்வதில் மட்டும் ஒரே தடவையில் என்னையும் சேர்த்து உள்ளே தள்ளிவிட்டாள்.

அதோடு விட்டாளா? மாமாவிடம் யோசனை கேட்கலாமே என்று நோட்டீசையும் படிவத்தையும் போனில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள். ஒரு பெரிய மனிதர் என்ன யோசனை சொல்ல வேண்டும்? அப்பாவிடம் சொல்லு, வக்கீலைப் பார்க்கச் சொல்லு என்று சொல்ல வேண்டும். நீங்கள் அதை அச்செடுத்து, பூர்த்தி செய்து, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறீர்கள். மச்சான், அந்த வியாழக்கிழமை காலை நீங்கள் இங்கிருந்து ஒரு நாள் பயண தூரத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் மல்லாந்து படுத்திருந்தீர்கள். கண்ணில் கத்தி வைத்திருந்த நேரத்தில் நீங்கள் எங்கள் நூலக வளைவில் கார் ஓட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் லைசென்ஸ் காலாவதியாகி நாலு வருஷம் ஆகிறது, அந்த நம்பரையும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ‘வேகத்துக்குக் காரணம்’ என்ற இடத்தில் ஒரு வரி எழுத இடம் விட்டிருந்தார்கள். நீங்கள் தனித்தாள் இணைத்து, திடீர் வயிற்றுக் கடுப்பு எப்போது தொடங்கியது, எப்படி ஏறியது, வழியில் ஒதுங்க இடம் கிடைக்காத கொடுமை என்று ஒன்றரைப் பக்கம் வர்ணித்திருக்கிறீர்கள். அதுகூடப் போகட்டும். கடைசியில், ‘கேமரா அறுபத்து மூன்று என்று சொன்னாலும் என் மனசாட்சிப்படி எழுபதாவது போயிருப்பேன்’ என்று எழுதியிருக்கிறீர்களே, உங்களிடம் யார் கேட்டார்கள்? அந்த வரியை வக்கீல் இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். அவருடைய டைப்பிஸ்ட் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

மூன்றாவது வாக்குமூலம் உங்கள் தங்கையுடையது. மேஜையில் காணாமல் போன அசல் படிவம் இவளிடம்தான் போயிருக்கிறது. ‘நான்தான் ஓட்டினேன். அவசரமாகப் போக வேண்டியிருந்தது’ என்று இரண்டே வரி. படித்ததும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கல்யாணமான புதிதில் இவளுக்கு நானே பதினொரு நாள் கற்றுக்கொடுத்ததும், பன்னிரண்டாம் நாள் இவள் நடு ரோட்டில் காரை நிறுத்திவிட்டு இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்ததும் உங்களுக்குத் தெரியும். ‘நீங்க கத்தினா எனக்குக் கை கால் ஓடாது’ என்றாள். நான் கத்தவில்லை மச்சான், கியரைப் பற்றிச் சொல்லும்போது என் குரல் இயல்பாகவே அப்படித்தான் இருக்கும். ஒவ்வொருவருக்கு ஒவ்வொன்று வரும், உனக்கு இது வராது என்று அன்றைக்கே நான் பக்குவமாகச் சொல்லி முடித்துவிட்டேன். இத்தனை வருஷமாக அவளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. இப்போது திடீரென்று அறுபத்து மூன்றில் ஓட்டினாளாம்.

“நான்தான் ஓட்டினேன்னு சொல்றேன், நம்ப மாட்டேங்கிறீங்களே.”

“போதும். உன் நல்ல மனசு எனக்குத் தெரியாதா? ஆனா பொய் சொன்னாலும் நம்புற மாதிரி சொல்லணும்.”

“சரி, நான் சொல்றதைச் சொல்லிட்டேன்.”

அவ்வளவுதான், எழுந்து துணி மடிக்கப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போய், முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு எப்படி மாற்றுவாய், சொல்லு பார்க்கலாம் என்று கேட்டேன். தலையணை உறையை உதறி மடித்தாள். தெரிந்தால்தானே சொல்வாள்.

எங்கள் முதலாளிக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் போனேன். படிக்கட்டுக்குக் கீழே ஒரு அறை, ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் இன்னொரு நாற்காலியைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும். நாலு படிவத்தையும் மேஜையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பிவிட்டு, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சார், வேகமா போனதுக்கு முதல் தடவைன்னா ஒரு அபராதம், ஒரு எச்சரிக்கை, முடிஞ்சுது. நீங்க நாலு பேரும் சேர்ந்து அதைக் கிரிமினல் கேஸாக்கிட்டீங்க. உங்க குடும்பத்துல யாராவது ரெண்டு பேரு சும்மா இருந்திருந்தாக்கூட நான் காப்பாத்தியிருப்பேன்.”

“என்மேல அவ்வளவு பாசம் சார். என்ன பண்றது?”

“மாஜிஸ்திரேட்டு பாசத்தை எல்லாம் பாக்க மாட்டாரு. மூணு பேரு ஓட்டினேன்னு எழுதியிருக்காங்க, நீங்க யாருமே ஓட்டலன்னு எழுதியிருக்கீங்க. கார் சும்மா நின்னுச்சுன்னா மூணு பேரு பொய். யாராவது ஒருத்தர் ஓட்டியிருந்தா மத்த ரெண்டு பேரோட நீங்களும் பொய். எப்படிப் பாத்தாலும் குறைஞ்சது மூணு பேருக்கு இருக்கு.”

இப்போது ஸ்கூலில் என் நிலைமையைக் கேளுங்கள். கேஸ் முடிகிற வரைக்கும் அட்டையைச் சட்டைப்பையில்கூட வைத்துக்கொள்ளக்கூடாது என்று முதலாளி வாங்கித் தன் மேஜை அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். மனுஷர் நல்லவர், வேலையைவிட்டுப் போ என்று சொல்லவில்லை, ஆபீஸில் உட்கார்ந்து படிவம் நிரப்பு என்றார். என்னைப் படிவம் நிரப்பச் சொல்கிறார்கள் மச்சான், எதைத் தொட்டு இந்தக் கதிக்கு வந்தேனோ அதையே. என்னிடம் பாதி படித்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் நேற்று வந்த ஒரு பையனிடம் மாற்றிவிட்டார்கள். அவன் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடிப்பவன், அதையும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முந்தாநாள் ஒரு பெண்மணி வந்து, ‘சார், நீங்க அறுபத்து மூணுல போனீங்களாமே, உங்கமேல மரியாதையே கூடிடுச்சு’ என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உண்மையாகவே கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆகவே நான் உங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான். நீங்கள் திங்கட்கிழமை மாலைக்குள் இங்கே வந்து சேர வேண்டும், ஆஸ்பத்திரிச் சீட்டையும் கட்டுப் போட்ட போட்டோ இருந்தால் அதையும் எடுத்துவர வேண்டும். செவ்வாய்க்கிழமை மாஜிஸ்திரேட் முன்னால், மைத்துனன்மேல் உள்ள பாசத்தில் புத்தி கெட்டுப் பொய் எழுதிவிட்டேன், வயிற்றுக் கடுப்பும் பொய், எழுபதும் பொய் என்று சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். மகளும் அப்படியே சொல்லுவாள். அதற்குமேல் ஒன்று, ‘என் தங்கையைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும், அவளுக்குச் சைக்கிள்கூட ஓட்ட வராது, புருஷனைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினாள்’ என்று நீங்கள் கூண்டில் நின்று அழுத்திச் சொல்ல வேண்டும். கூடப்பிறந்தவர் சொன்னால் எடுபடும். அப்போதுதான் நான் எழுதியது உண்மை என்று நிற்கும், என் அட்டை பிழைக்கும். இனிமேல் என்மேல் பாசம் வந்தால் தயவுசெய்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, படிவம் எதையும் தொடாமல், நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசிகள். உங்கள் கண் சீக்கிரம் தெளியட்டும், அதோடு சேர்த்து மற்றதும்.

இப்படிக்கு,
உங்கள் பாசத்தால் சம்மன் பெற்ற,
தங்கை கணவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபாலில் போடக் கிளம்பும்போது அந்த ஆபீசிலிருந்து போட்டோ வந்துவிட்டது என்று போன் வந்தது. போய் வாங்கிக்கொண்டு வந்து, உறையைக் கிழித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதை எல்லாம் அடிக்க வேண்டுமென்றால் விடிந்துவிடும், அதனால் அப்படியே விட்டிருக்கிறேன், படித்ததை மறந்துவிடுங்கள்.

போட்டோவில் இருப்பது என் கார்தான். டிரைவர் சீட்டில் இருப்பது உங்கள் தங்கை. பெல்ட் போட்டிருக்கிறாள், முதுகு நிமிர்ந்திருக்கிறது, இரண்டு கையும் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக நான் படத்தில் வரைந்து காட்டுகிற மாதிரி ஒருத்தி உட்கார்ந்திருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன். குமாஸ்தா அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார நாற்காலி போட்டார்.

வீட்டில் கொண்டுவந்து காட்டியதும் எல்லாம் வெளியே வந்தது. எங்கள் ஸ்கூலுக்கு எதிர்ச்சாரியில் இருக்கிற ஸ்கூலில் சேர்ந்து படித்திருக்கிறாள், பதினாலு மாதமாக லைசென்ஸ் வைத்திருக்கிறாள். முதல் தடவையிலேயே தேறிவிட்டாளாம். நான் இரண்டாவது தடவையில்தான் தேறினேன் என்பது உங்களுக்குத் தெரியும், தயவுசெய்து அதைக் கோர்ட்டில் எடுக்காதீர்கள். போன லீவுக்கு உங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, அண்ணனோடு காலையில் நடக்கப் போகிறேன் என்று தினமும் போனது நடை இல்லையாமே. மகளுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், எங்கள் பக்கத்து டயர் கடைக்காரருக்கும் தெரியும். நீங்கள் அந்தப் பொய்யை எழுதியது என்னைக் காப்பாற்ற இல்லை, அவளுடைய ரகசியத்தைக் காப்பாற்ற. என் மகளும் அதற்குத்தான். நான் என்னவோ வக்கீல் முன்னால் பாசம் பாசம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபத்து மூன்றில் போகிற அளவுக்கு என்ன அவசரம் என்று கேட்டேன். அன்றைக்குச் சோதனைக்கு இன்ஸ்பெக்டர் வருகிற நேரத்தில் நான் அட்டையை வீட்டிலேயே மறந்துவிட்டு, பன்னிரண்டு மணிக்குள் கொண்டுவரவில்லை என்றால் என் பிழைப்பு போச்சு என்று போனில் கத்தியிருக்கிறேன். கொண்டுவந்து கொடுத்தாள். எதில் வந்தாய் என்றுகூட நான் கேட்கவில்லை, ஏன் இவ்வளவு நேரம் என்றுதான் கேட்டேனாம். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது மச்சான்.

“நீ அப்பவே அடிச்சுச் சொல்லியிருக்கலாமே?”

“எழுதிக் கையெழுத்தே போட்டேன். நீங்க கியர் மாத்தத் தெரியுமான்னு கேட்டீங்க. சரி, போட்டோ வரட்டும்னு இருந்துட்டேன்.”

வக்கீலிடம் ஓடினேன். அவர் போட்டோவைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டார். உங்கள் தங்கை எழுதியது உண்மை என்பதால் அவளுக்கு ஒரு அபராதம், ஒரு எச்சரிக்கையோடு முடிந்துவிடுமாம். நீங்களும் மகளும் மன்னிப்புக் கேட்டால் அபராதத்தோடு விடுவார்களாம். பொய்யாக நிற்பது நான் எழுதியது ஒன்றுதான், அதற்கு ஒரே ஒரு வழி இருக்கிறது என்றார். தெரிந்தே சொன்னால்தான் பொய், தெரியாமல் சொன்னால் குற்றம் இல்லை. சொந்த மனைவி பதினாலு மாதமாகச் சொந்தக் காரை ஓட்டுவது, ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒருவனுக்குத் தெரியவே தெரியாது என்பதை மாஜிஸ்திரேட் நம்ப வேண்டும், அவ்வளவுதான். நம்பினால் அட்டை திரும்பக் கிடைக்கும்.

எனவே திங்கட்கிழமை கட்டாயம் வாருங்கள். ரயில் ஸ்டேஷனுக்கு உங்கள் தங்கை காரில் வருவாள். செவ்வாய்க்கிழமை கோர்ட்டுக்கும் அவள்தான் ஓட்டுகிறாள், முன் சீட் உங்களுக்கு, என்னைப் பின்னால் உட்காரச் சொல்லியிருக்கிறாள். அங்கே நீங்கள் வேறு எதுவும் சொல்ல வேண்டாம். என் வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று மட்டும் சத்தியம் செய்து சொன்னால் போதும். அக்காவையும் கூட்டி வாருங்கள், அதற்குச் சாட்சி எத்தனை பேர் இருந்தாலும் நல்லது என்கிறார் வக்கீல்.